உலையில் போடும் முன் ஒரு பிடி

உலை கொதித்து மூடி ஆடத் தொடங்கியதும் ஆச்சி சுளகில் இருக்கும் அரிசிக்குள் கையை விடுவாள். முதல் பிடி பானைக்குப் போகாது. அடுப்படி மூலையில் உறியில் தொங்கிய சின்னக் கலயத்துக்குப் போகும். அதன் பிறகுதான் மற்றதெல்லாம். பசியோடு பள்ளிக்கூடம் விட்டு வந்து நிற்கும் பேரன் ஒருநாள் கேட்டான், சாப்பிட்டு மிஞ்சினால் போடக்கூடாதா என்று. "மிஞ்சினதப் போடுததுக்கு ஆண்டவரு என்ன நம்ம வீட்டுக் கோழியால?" என்றாள் ஆச்சி.

அந்தப் பேரன் இன்று ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர். பல ஆண்டுகள் தன் சபையின் பொருளாளராக இருந்தவர். தேரிக்காட்டை ஒட்டிய அவருடைய ஊர் அப்போது திருநெல்வேலி மாவட்டத்தில் இருந்தது. 1986-ல் தூத்துக்குடி தனி மாவட்டமானபோது அங்கே போயிற்று. அவருடைய நினைவுகள் தொடங்குவது 1960களில். செம்மணல், பனை, உடைமரம், நடுவில் ஒரு கோயில். அந்தப் பக்கத்துக் கிறிஸ்தவர்களுக்குச் சர்ச் என்பது கோயில்தான். குருவானவர் ஐயர்தான். மணி அடித்து, பாய் விரித்து, விளக்கேற்றி வைப்பவர் கோயில்பிள்ளை. ஐயர் பல ஊர்களைச் சேர்த்த சேகரத்துக்குப் பொறுப்பு. மாதத்தில் ஓரிரு முறைதான் வருவார். அன்றாடம் சபையைத் தாங்கியவர் உபதேசியார்.

அரிசி என்று சொன்னாலும் எல்லா வீட்டிலும் எல்லா நாளும் அரிசி பொங்கிய காலம் அல்ல அது. பனை பாளை விடும் பருவத்தில் கையில் நாலு காசு இருக்கும். மாசி, பங்குனியில் தொடங்கும் பதநீர் ஆடி, ஆவணி வரை ஓடும். பிறகு கடனும் கஞ்சியும்தான். அந்த மாதங்களில் கலயத்தில் விழுந்தது கம்பாக இருக்கும், கேப்பையாக இருக்கும். கலயம் மட்டும் வெறுமையாகத் தொங்கியதில்லை.

ஞாயிற்றுக்கிழமை பெண்கள் ஓலைப்பெட்டியில் கொண்டுவருவார்கள். பீடத்துக்கு முன்னால் ஒரு பெரிய கடகம் இருக்கும். பாட்டுப் பாடிக்கொண்டே வரிசையாக வந்து அதில் கொட்டிவிட்டுத் திரும்புவார்கள். பச்சரிசி, புழுங்கலரிசி, கார், சம்பா எல்லாம் அதில் கலந்து கிடக்கும். ஆராதனை முடிந்ததும் வெளியே வேப்பமரத்தடியில் உபதேசியார் அதைப் படியால் அளப்பார். நோட்டில் எழுதுவது மொத்தத்தை மட்டும்: இத்தனை படி, இத்தனை உழக்கு. யார் போட்டது என்று எழுதும் வழக்கமே கிடையாது. ஒரு பிடியா, அரைப்பிடியா, யார் வீட்டிலிருந்து எவ்வளவு வந்தது என்பது போட்டவளுக்கும் கடகத்துக்கும் மட்டுமே தெரியும்.

பல சாதி அரிசி கலந்தால் சோறு சீராக வேகாது. ஒன்று குழையும்போது இன்னொன்று விரையாய் நிற்கும். அதனால் கடை விலையைவிடக் கொஞ்சம் குறைத்து விற்பார்கள். வாங்குகிறவர்கள் ஊரிலேயே இல்லாதப்பட்டவர்கள். கொடுத்தவர்களே சில நேரம் விலை கொடுத்து வாங்கிக்கொண்டு போனதும் உண்டு. அந்தப் பணம் சபைக் கணக்கில் ஏறும். அதில் ஒரு பகுதி சேகரத்துக்கும், ஒரு பகுதி வடக்கே ஊழியம் செய்கிறவர்களுக்கும் போகும்.

அரிசியோடு நின்றுவிடவில்லை. பனை ஏறுகிறவர் ஒருவர் தன் பாத்தியத்தில் இருந்த மரங்களில் ஒன்றைக் கோயிலுக்கென்று விட்டிருந்தார். அந்த மரத்துப் பதநீரைத் தனியாகக் காய்ச்சி, வந்த கருப்பட்டியைத் தனிக் கொட்டானில் போட்டு, பருவம் முடிந்ததும் கொண்டுவந்து வைப்பார். காலையிலும் மாலையிலும் அந்த மரத்திலும் ஏறித்தான் இறங்கவேண்டும், பாளை சீவவேண்டும், கலயத்துக்குச் சுண்ணாம்பு தடவவேண்டும். மற்ற மரங்களுக்கு ஆகும் உழைப்பு அத்தனையும் அதற்கும் ஆகும். கோழி வளர்த்தவர்கள் ஞாயிற்றுக்கிழமை இட்ட முட்டையைக் கொண்டுவந்தார்கள். முதல் ஈற்றுக் கிடாய், முருங்கைக்காய்க் கட்டு, நார்ப்பெட்டி, கைத்தையல் வேலை என்று ஸ்தோத்திரப் பண்டிகை நாளில் கோயில் முற்றம் ஒரு சின்னச் சந்தையாகிவிடும். அங்கேயே ஏலம் விடுவார்கள். அரையணாவும் ஓரணாவும் போய் நயா பைசா வந்து சில ஆண்டுகளே ஆகியிருந்த காலம். கிழவிகள் ஏலத்தில் அணாக் கணக்கில் கேட்பார்கள், பையன்கள் பைசாவாக மாற்றிச் சொல்வார்கள்.

இவ்வளவும் நினைவின் இனிப்பான பகுதி. அந்த அரிசி உண்மையில் எதைச் செய்தது என்பதை ஆசிரியர் புரிந்துகொண்டது வேறொரு சம்பவத்தில்.

ஒரு பருவத்தின் நடுவில், பனையிலிருந்து ஒருவர் விழுந்தார். பனைத்தொழில் நடக்கும் ஊர்களில் இது ஆண்டுதோறும் நடக்கிற துயரம். மழை நனைத்த மரம், வழுக்கும் பத்தை, ஒரு நொடி. இடுப்பு முறிந்து, நாசரேத் மிஷன் ஆஸ்பத்திரிக்கு மாட்டுவண்டியில் கொண்டுபோனார்கள். உயிர் தங்கியது. ஆனால் இனி மரம் ஏற முடியாது என்பது வண்டி திரும்பி வரும்போதே ஊருக்குத் தெரிந்துவிட்டது. வீட்டில் மனைவியும் நாலு பிள்ளைகளும்.

பிடியரிசியை அந்த வீட்டுக்குக் கொடுக்கலாமா என்று பேச அந்த வாரம் சபைக் கமிட்டி கூடியது. ஒரு பெரியவர் தயங்கினார். சேகரத்துக்குக் கட்டவேண்டிய சங்கக் காணிக்கையே பாக்கி நிற்கிறது, இதில் கைவைத்தால் ஐயரிடம் என்ன சொல்வது என்றார். அவர் கல்நெஞ்சக்காரர் அல்ல, கணக்குக்குப் பயந்தவர். கணக்குக்குப் பயப்படுவது நல்ல குணம். இன்னொருவர் கடனாகக் கொடுக்கலாம் என்றார். பெண்கள் கமிட்டியில் உட்காராத காலம். ஆனால் ஆச்சி சன்னலுக்கு வெளியே நின்றுகொண்டிருந்தாள்.

"அரிசி எங்க அடுப்படியில இருந்துல்லா வந்துச்சி. ஆண்டவருக்குன்னு எடுத்து வச்சத அவரு பிள்ளைக்குக் குடுக்க அவரு வேண்டாம்னா சொல்லுவாரு? கடன்னு எழுதினா அந்தப் பிள்ள எதை வித்து அடைப்பா?"

உபதேசியார் நோட்டை மூடினார். அந்த வாரத்திலிருந்து பிடியரிசி விற்பனைக்குப் போகவில்லை. ஞாயிற்றுக்கிழமை இருட்டியபின் கோயில்பிள்ளை ஒரு சாக்குப்பையைத் தோளில் போட்டுக்கொண்டு அந்த வீட்டின் பின்வாசல் வழியாகப் போய் இறக்கிவைத்துவிட்டு வருவார். ஊருக்கு இது தெரியும். ஆனால் யாரும் பேசவில்லை. சிறுவர்களைக்கூட அதட்டி வைத்திருந்தார்கள்.

இரண்டு மூன்று வாரம் கழித்து ஞாயிற்றுக்கிழமை காணிக்கை நேரத்தில் விழுந்தவரின் மனைவி எழுந்து வந்தார். கையில் ஓலைப்பெட்டி. கடகத்தில் ஒரு பிடி கொட்டிவிட்டுப் போய் உட்கார்ந்தார். கலப்பு அரிசி. அதைப் பார்த்தவர்களுக்கு அது எந்த அரிசி என்று விளங்கிவிட்டது. ஆராதனை முடிந்ததும் பெரியவர் அவரைக் கூப்பிட்டு, "நீ இப்பப் போட வேண்டாம் தாயி, எல்லாம் சரியான பெறகு போட்டாப் போதும்" என்றார். அந்தப் பெண் சொன்ன பதிலை ஆசிரியர் இன்றைக்கும் அதே குரலில் சொல்லிக்காட்டுகிறார்: "வாங்குத கையாவே இருந்துட்டா எம்பிள்ளைக நாளைக்கு என்னத்தப் படிக்கும் பெரியப்பா? எனக்குள்ளத நான் போடணும்லா."

பவுல் கொரிந்தியருக்கு எழுதிய இரண்டாம் நிருபத்தின் எட்டாம் அதிகாரத்தில் மக்கெதோனிய சபைகளைப் பற்றி வருகிறது. கொடிய வறுமையில் இருந்த அவர்கள், எருசலேமில் கஷ்டப்படுகிறவர்களுக்கு அனுப்பும் தர்மத்தில் தங்களுக்கும் பங்கு வேண்டும் என்று பவுலிடம் மன்றாடிக் கேட்டார்கள். ஏழைகள் கேட்டது உதவி அல்ல, உதவி செய்யும் உரிமை. ஆசிரியர் பின்னாளில் இறையியல் நூல்கள் பலவற்றைப் படித்தபோதும் அந்த அதிகாரத்துக்கு அந்தப் பெண்ணைவிடத் தெளிவான விளக்கவுரையைக் கண்டதில்லை.

அந்த உரிமை திருநெல்வேலிச் சபைக்குத் தானாகக் கிடைத்துவிடவில்லை. தொடக்க காலத்தில் அது பெற்றுக்கொள்ளும் சபையாகத்தான் இருந்தது. ஊர்களின் பெயர்களிலேயே அந்த வரலாறு இருக்கிறது. சாயர்புரம் என்ற பெயர் நிலம் வாங்கித் தந்த சாயர் என்ற வணிகருடையது. டோனாவூர் என்ற பெயர் பணம் அனுப்பிய பிரஷ்யப் பிரபு டோனாவுடையது. 1820-ல் பாளையங்கோட்டைக்கு வந்த ரேனியஸ் ஐயர்தான் 1830-ல் தருமசங்கம் என்ற அமைப்பைத் தொடங்கி, உள்ளூர்க் கிறிஸ்தவர்களையும் பணம் போடவைத்தார். ஊரைவிட்டுத் துரத்தப்பட்டு வந்தவர்களுக்கு நிலமும் மனையும் வாங்கிக் கொடுப்பது அதன் வேலை. பின்னர் லண்டனில் சி.எம்.எஸ். என்ற மிஷனெரி சங்கத்தின் செயலராக இருந்த ஹென்றி வென், ஒரு சபை தன் செலவைத் தானே தாங்கி, தன்னைத் தானே ஆண்டு, தானே பரவவேண்டும் என்று வற்புறுத்தினார். கொள்கை அங்கே எழுதப்பட்டது. அதை நடத்திக்காட்டியது இங்குள்ள அடுப்படிகள்.

இதில் ஒரு பெயரை அழுத்திச் சொல்லவேண்டும். வேதநாயகம் சாமுவேல் அசரியா, வெள்ளாளன்விளையில் 1874-ல் பிறந்தவர். தேரிக்காட்டுச் சீமைக்காரர். ஒய்.எம்.சி.ஏ. ஊழியராக இருந்தபோது 1902-ல் யாழ்ப்பாணம் போனார். அங்குள்ள தமிழ்க் கிறிஸ்தவர்கள் தங்கள் பணத்தைப் போட்டு, தங்கள் ஆட்களை வேற்றிடங்களுக்கு ஊழியத்துக்கு அனுப்புவதைக் கண்டார். யாழ்ப்பாணத்தால் முடிந்தது திருநெல்வேலியால் ஏன் முடியாது என்ற கேள்வியோடு திரும்பினார். அடுத்த ஆண்டே, 1903-ல், பாளையங்கோட்டையில் இந்திய மிஷனெரி சங்கம் பிறந்தது. இந்தியப் பணம், இந்திய ஆட்கள், இந்திய நிர்வாகம் என்பது அதன் அடிப்படை. நிஜாமின் ஆட்சிக்குள் இருந்த தோர்ணக்கல் அதன் பணித்தளமானது. 1905 கிறிஸ்துமஸ் நாளில் செராம்பூரில் தேசிய மிஷனெரி சங்கம் தொடங்கப்பட்டதிலும் அவருக்குப் பெரும் பங்கு உண்டு.

அசரியா தோர்ணக்கலுக்குத் தாமே போனார். 1912-ல் ஆங்கிலிக்கன் சபையின் முதல் இந்தியப் பேராயரானார். அவருடைய ஆட்டுமந்தையில் பெரும்பாலோர் மாலா, மாதிகா சாதிகளைச் சேர்ந்த விவசாயக் கூலிகள். பண்ணையாரிடம் கைகட்டி நின்று பழகியவர்கள். இவர்களிடம் காணிக்கை கேட்பது கொடுமை என்று நினைப்பது எளிது. அசரியா மறுபக்கம் நின்றார். கொடுக்கக் கற்காத சபை எழுந்து நிற்காது. ஏழை என்பதாலேயே ஒருவருடைய கொடையை வேண்டாம் என்பது அவரை மதிப்பதாகாது. பணம் இல்லாதவர்கள் தானியம் கொண்டுவந்தார்கள், கோழி கொண்டுவந்தார்கள், பெண்கள் சமைக்கும்போது ஒரு பிடி எடுத்து வைத்தார்கள். தோர்ணக்கலில் எபிபனி பேராலயம் எழும்ப ஏறக்குறைய கால் நூற்றாண்டு ஆயிற்று. 1939 ஜனவரியில் பிரதிஷ்டை செய்யப்பட்டது. கிறிஸ்தவக் கொடையைப் பற்றி அசரியா ஒரு சிறு நூலும் எழுதினார். 1945-ல் அவர் மறைந்த பிறகு அது வெளிநாடுகளிலும் பரவியது. வெளிநாட்டிலிருந்து கொடை வாங்கிக்கொண்டிருந்த மண்ணைச் சேர்ந்த ஒருவர், கொடுப்பது எப்படி என்று வெளிநாட்டாருக்கே எழுதிக்காட்டினார்.

இதே அசரியா 1910-ல் எடின்பரோவில் கூடிய உலக மிஷனெரி மாநாட்டில், மிஷனெரிகள் பொருளையும் உயிரையும் தந்ததை நன்றியோடு ஒப்புக்கொண்டு, எங்களுக்கு நண்பர்களும் வேண்டும் என்று கேட்டவர். கொடுக்கிறவர் மேலே, வாங்குகிறவர் கீழே என்ற நிலை நீங்காத இடத்தில் கொடை எவ்வளவு பெரிதானாலும் அதில் ஒரு குறை தங்கிவிடுகிறது. தேரிக்காட்டில் அந்தப் பெண் ஒரு பிடி அரிசியால் அந்தக் குறையைத் தீர்த்தார். ஆச்சிக்கு எடின்பரோ தெரியாது, தோர்ணக்கல் தெரியும். "நம்ம அரிசி தோர்ணக்கல்லு வரைக்கும் போயிருக்கு" என்பாள், ஏதோ சொந்தக்காரர் வீட்டுக்குப் போய்வந்த மாதிரி.

1980களில் ஆசிரியர் பொருளாளரானார். அப்போது பிடியரிசிக் கலயங்கள் பல வீடுகளில் இறங்கிவிட்டிருந்தன. காணிக்கைப் பையும் கவரும் வந்திருந்தன. வேலை எளிதாகும் என்று நினைத்தார்கள்; பொருளாளரின் வேலை கூடத்தான் செய்தது. அரிசியை மரத்தடியில் எல்லார் கண்முன்னும் அளந்தார்கள். பணத்தைக் கதவை மூடிக்கொண்டு எண்ண ஆரம்பித்தார்கள்.

அவர் செய்த முதல் மாற்றம் அந்தக் கதவைத் திறந்து வைத்தது. ஆராதனை முடிந்த உடனே, குடும்பம் வேறு வேறான இருவர் சேர்ந்து எண்ணவேண்டும். எண்ணிய தொகையை அங்கேயே நோட்டில் எழுதி இருவரும் கையெழுத்துப் போடவேண்டும். திங்கட்கிழமை வங்கியில் கட்டவேண்டும். எவ்வளவு அவசரச் செலவானாலும் கையில் இருக்கும் காணிக்கையிலிருந்து எடுக்கக்கூடாது. முதலில் கட்டி, பிறகு ரசீதோடு எடுக்கவேண்டும். மாதத்தின் முதல் ஞாயிறு அறிவிப்பு நேரத்தில் போன மாதத்து வரவையும் செலவையும் வாசிக்கவேண்டும். விளக்கெண்ணெய் முதல் உபதேசியார் சம்பளம் வரை. சிலருக்கு இது பிடிக்கவில்லை. தங்களை நம்பவில்லை என்று வருந்தினார்கள். அவர் பவுலைத்தான் காட்டினார். எருசலேமுக்கு அந்தத் தர்மப் பணத்தைக் கொண்டுபோக அப்போஸ்தலனாகிய பவுல் தனியாகப் புறப்படவில்லை. தீத்துவையும், சபைகளால் நியமிக்கப்பட்டவரையும், இன்னொரு சகோதரனையும் அந்தக் காரியத்தில் சேர்த்துக்கொண்டார். இவ்வளவு பெரிய தொகையைக் கையாளுவதில் தங்கள்மேல் ஒருவரும் குற்றம் சொல்ல இடம் இருக்கக்கூடாது என்று காரணமும் எழுதி வைத்திருக்கிறார். பவுலுக்கே சாட்சி தேவைப்பட்டபோது நமக்கு ஏன் வேண்டாம் என்று கேட்டதும் முணுமுணுப்பு அடங்கியது.

கணக்கு வாசிக்கத் தொடங்கிய பிறகு நடந்தது அவர் எதிர்பாராதது. பனையிலிருந்து விழுந்தவரின் மகள், அப்போது பீடித்தொழில் செய்துகொண்டிருந்தவர், ஒரு ஞாயிற்றுக்கிழமை எழுந்து, ஏழைகள் நிதியில் மூன்று மாதமாகச் செலவே இல்லையே, ஊரில் ஏழை இல்லாமல் போய்விட்டார்களா என்று கேட்டார். அதற்குமுன் சபையில் கணக்கைப் பற்றிப் பெண் ஒருவர் கேள்வி கேட்டதில்லை. கேள்வி சரியானது. நிதி சேர்ந்துகொண்டே இருந்தது. சேர்ந்திருப்பதே நல்ல நிர்வாகம் என்று எல்லாரும் நினைத்திருந்தார்கள். உக்கிராணக்காரனின் வேலை பூட்டி வைப்பது மட்டும் அல்ல, வேளாவேளைக்குப் படியளப்பதும்தான் என்று அன்றைக்குக் கமிட்டி உணர்ந்தது. அடுத்த வாரமே இரண்டு பிள்ளைகளின் பள்ளிக் கட்டணம் அந்த நிதியிலிருந்து போயிற்று.

பின்னர் காலம் மாறியது. சென்னைக்கும் மும்பைக்கும் வளைகுடாவுக்கும் போன பிள்ளைகள் பணம் அனுப்பினார்கள். ஓட்டுக் கோயில் காங்கிரீட் கோயிலானது. அசன விழாவுக்கு, முன்பு வீட்டுக்கு ஒரு படி அரிசி என்று தண்டியது போய், ஒருவரே ஆடுகளை வாங்கித் தருகிற நிலை வந்தது. அசனம் இன்றைக்கும் அந்தப் பகுதியின் அழகான வழக்கங்களில் ஒன்று. சாதி, மதம் பாராமல் ஊரே ஒரே பந்தியில் உட்கார்ந்து சாப்பிடும். பெரிய அண்டாக்களில் சோறு வடித்துப் பாயில் கொட்டி, மண்வெட்டியால் அள்ளும் காட்சியை ஒருமுறை பார்த்தவர்கள் மறக்கமாட்டார்கள். அதில் குறை சொல்ல ஒன்றும் இல்லை. ஆனால் நோட்டீசில் உபயதாரர் பெயர்கள் தொகை வரிசையில் வரத் தொடங்கியபோது ஆசிரியருக்கு மனம் ஒப்பவில்லை. ஸ்தோத்திரப் பண்டிகை ஏலத்தில் ஒரு எலுமிச்சம்பழம் ஆயிரக்கணக்கில் போனது. கேட்டவர் நல்ல மனதோடுதான் கேட்டார், கோயிலுக்குத்தானே போகிறது. ஆனால் அந்த நாளில் முட்டை கொண்டுவந்த கிழவி, கூட்டத்தின் ஓரத்திலேயே நின்றுவிட்டு, முட்டையைக் கோயில்பிள்ளை கையில் கொடுத்துவிட்டுப் போய்விட்டார். ஏலத்துக்கு அது வரவில்லை.

பக்கத்துச் சேகரம் ஒன்றில் இன்னும் ஒரு படி மேலே போனார்கள். ஆண்டறிக்கையில் குடும்பவாரியாகக் காணிக்கைத் தொகையை அச்சிட்டார்கள். நோக்கம் நல்லது: ஒளிவுமறைவு இல்லாமை. விளைவு வேறு. அடியில் பெயர் வந்த குடும்பங்கள் சில கவர் வாங்குவதையே நிறுத்திவிட்டன. சில கடன் வாங்கிக் கட்டின. வெளிப்படையாக இருக்கவேண்டியது சபை செலவழிக்கும் பணம். கொடுக்கிறவர் கொடுக்கும் தொகை அல்ல. இந்த இரண்டும் தலைகீழாகும் இடத்தில், வலது கை செய்வது இடது கைக்குத் தெரியவேண்டாம் என்ற இயேசுவின் போதனை வாசகப் புத்தகத்திலேயே நின்றுவிடுகிறது.

மாற்கு 12-ஆம் அதிகாரத்தில் காணிக்கைப் பெட்டிக்கு எதிரே இயேசு உட்கார்ந்திருக்கிறார். ஏழை விதவை இரண்டு காசு போடுகிறாள். இதை எல்லா ஸ்தோத்திரப் பண்டிகையிலும் பிரசங்கிப்பார்கள். அதற்குச் சற்று முன்னால், அதே அதிகாரத்தில், விதவைகளின் வீடுகளைப் பட்சிக்கும் வேதபாரகரை இயேசு கண்டிக்கிறார். இந்த இரண்டையும் பக்கத்தில் வைத்துப் படிக்கவேண்டும் என்பது ஆசிரியரின் நீண்டநாள் வாதம். விதவையின் காசு எவ்வளவு உயர்ந்ததோ, அவ்வளவு பெரியது அதை வாங்குகிறவர்களின் பொறுப்பு.

தசமபாகம் பற்றியும் அவருக்கு அழுத்தமான கருத்து உண்டு. பத்தில் ஒன்றை எடுத்து வைப்பது நல்ல ஒழுங்கு. அவரும் சம்பளம் வாங்கிய நாள்முதல் அப்படித்தான் செய்திருக்கிறார். ஆனால் மல்கியா மூன்றாம் அதிகாரத்தைக் கையில் எடுத்து, கொடுக்காவிட்டால் சாபம், கொடுத்தால் இரட்டிப்பு என்று கூலிக்காரர்களை மிரட்டுகிற பிரசங்கத்தை அவரால் பொறுக்கமுடியாது. வட்டிக்கு வாங்கித் தசமபாகம் கட்டியவர்களை அவர் பார்த்திருக்கிறார். நியாயப்பிரமாணத்தில் தசமபாகம் எதற்கு என்பதையும் சேர்த்துச் சொல்லவேண்டாமா? உபாகமம் 14-ஆம் அதிகாரத்தின்படி மூன்று வருஷத்துக்கு ஒருமுறை அந்தப் பங்கு ஊர் வாசல்களிலேயே வைக்கப்படவேண்டும். நிலம் இல்லாத லேவியனும், பரதேசியும், திக்கற்ற பிள்ளையும், விதவையும் வந்து திருப்தியாகச் சாப்பிடவேண்டும். தசமபாகத்தைக் கேட்கிற சபை, அந்த நாலு பேரும் சாப்பிட்டார்களா என்பதற்கும் பதில் வைத்திருக்கவேண்டும்.

பணம் வந்ததால் பிடியரிசிக்கு வேலை இல்லாமல் போய்விட்டது என்று சொல்கிறவர்களுக்கு அவர் மிசோரமைக் காட்டுவார். அங்குள்ள பிரஸ்பிட்டேரியன் சபைப் பெண்கள் 1910-ல் இதே பிடியரிசி வழக்கத்தைத் தொடங்கினார்கள். புஹ்ஃபாய் தாம் என்பார்கள். ஒவ்வொரு வேளை சமைக்கும்போதும் ஒரு பிடி அரிசி தனியாக எடுத்து வைக்கவேண்டும். சபையார் வீடுவீடாக வந்து சேகரிப்பார்கள். விற்றுப் பணமாக்கி ஊழியத்துக்கு அனுப்புவார்கள். ஏழை, பணக்காரர் எல்லாரும் போடுகிறார்கள். நூறு ஆண்டு தாண்டியும் அது நிற்கவில்லை. மலைநாட்டுச் சின்ன மாநிலம் ஒன்றின் சபை, இந்தியா முழுவதும் ஊழியர்களை அனுப்பித் தாங்குகிறதென்றால் அதன் அடியில் அந்தப் பிடி இருக்கிறது. பொருளில் அது சிறியது. ஆனால் தினமும், சமைக்கிற ஒவ்வொரு கையும், தன் சோற்றுக்கு முன்னால் இன்னொருவரை நினைக்கிறது. மாதச் சம்பளத்திலிருந்து வங்கி தானாகவே பிடித்துக்கொள்ளும் தொகை அதைவிடப் பெரிதாக இருக்கலாம். அந்த நினைப்பை அது தருவதில்லை.

ஆசிரியரின் சபையில் சில ஆண்டுகளுக்கு முன் பெண்கள் ஐக்கிய சங்கத்தார் கலயத்துக்குப் பதில் பிளாஸ்டிக் டப்பா வைத்துப் பிடியரிசியை மறுபடி தொடங்கினார்கள். இப்போது ரேஷன் அரிசி எல்லா வீட்டிலும் இருக்கிறது, அரிசிக்குப் பஞ்சமில்லை. அதனால் சேர்வதை விற்பதில்லை. முதியோர் மட்டும் இருக்கும் வீடுகளுக்கும், வடக்கிலிருந்து வந்து ஊரில் கட்டட வேலை செய்கிற தொழிலாளர்களின் கொட்டகைக்கும் பங்கிட்டுக் கொடுக்கிறார்கள். அந்தத் தொழிலாளர்களில் பெரும்பாலோர் கிறிஸ்தவர்கள் அல்ல. சபையில் ஒருவர் அதைக் கேள்வி கேட்டபோது, பீடித்தொழில் செய்த அந்தப் பெண்தான், இப்போது பாட்டியாகிவிட்டவர், எழுந்து பதில் சொன்னார்: "எங்க வீட்டுப் பின்வாசல்ல கோயில்பிள்ள சாக்க எறக்கும்போது என்ன கேட்டா எறக்குனாரு?"

இதை வாசிக்கிறவர்களில் ஏதோ ஒரு சபையின் அங்கத்தினராக இருப்பவர்கள் உண்டு. அவர்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த சபைக் கூட்டத்துக்குப் போங்கள். வரவு எவ்வளவு என்று கேட்பதோடு நிறுத்தாதீர்கள். கோயில் மதிலுக்கு வெளியே போன தொகை எவ்வளவு, ஏழைகள் நிதியில் கடைசியாகச் செலவு எழுதிய தேதி எது, காணிக்கையை எண்ணும்போது எத்தனை பேர் கூட இருக்கிறார்கள் என்று கேளுங்கள். இந்த மூன்றுக்கும் நேரான பதில் வருகிற சபையில், கையில் இருப்பதை அச்சமில்லாமல் போடலாம். வராவிட்டால், வரும்வரை கேட்கிற பொறுப்பும் காணிக்கை போடுகிறவருடையதே.